கறைக்கு ஒரு வால்

லிஸ்பனில், கயிறு திரிப்பவர் தெருவில்,
ஜன்னலை ஒட்டிய மேசை என்னுடையது.
கோடு போடுவது மேஸ்திரி சிமாவ்.
நான் பிரியோலாஞ்சா, வண்ணம் இடுகிறவள்.
கரைக்குக் களிம்புப் பச்சை,
ஆற்றுக்கு நீலம்,
யாரும் போகாத நாட்டுக்கு
ஒரு மரம், அதன்மேல் ஒரு கிளி.
கடலுக்கு ஒன்றும் வேண்டாம்.
கன்றுத்தோலின் நிறமே போதும்.

பல்வலி. அதுதான் காரணம்.
தாடையைத் தாங்கிய கை நழுவியதில்
எந்தக் கரைக்கும் முந்நூறு காதம் தள்ளி
நடுக்கடலில் விழுந்தது மை.
கத்தியால் சுரண்டினேன்.
தோல் மெலிந்து, பின்னாலிருந்த விளக்கு தெரிந்தது.
இன்னும் சுரண்டினால் கடல் ஓட்டையாகும்.
ஆறு மாத உழைப்பு; அரண்மனைச் சரக்கு.

கறையைக் கூந்தல் ஆக்கினேன்.
கூந்தல் வந்தபின் முகம் வராமல் போகுமா.
காலையில் என்னோடு சண்டை போட்ட
மத்திக்காரி தரேஜாவின் முகம் வந்தது,
அந்தப் பிடிவாதமான மோவாயோடு.
மார்பைச் சிறிதாக்கச் சொன்னார் மேஸ்திரி, அது பிறகு.
கிண்ணத்தில் மிஞ்சிய பச்சையில் வால்.
வலக்கையில் கண்ணாடி.
இடக்கைக்கு இடம் இல்லை,
முதுகுக்குப் பின்னால் மறைத்துவிட்டேன்.

"இங்கே இருப்பதாக யார் சொன்னது?"
"பெஸ்தானா மீகாமன்," என்றேன்.
பெஸ்தானா செத்து இரண்டு வருடம்.
மேஸ்திரி சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.
அடுத்த படத்தில் அவரே இடம் விட்டு வைத்தார் அவளுக்கு.
அதற்கடுத்ததிலும்.

ஏழு படங்கள் போயின துறைமுகத்துக்கு.
அவள் பாடியதைக் கேட்டேன் என்றான் ஒருவன்.
பாட்டா? தரேஜாவா?
மத்தி கூவும் குரல் தவிர
வேறு குரல் அவளுக்கு இருந்ததில்லை.

ஒரு கப்பல் அவளுக்குப் பயந்து
மூன்று நாள் தெற்கே விலகிப் போனது.
விலகிய வழியில் காற்று; காற்றின் முடிவில் ஒரு கரை.
குடிதண்ணீர் எடுத்தார்கள், கற்சிலுவை நட்டார்கள்,
ஒரு புனிதரின் பேரை வைத்தார்கள்.
மரங்களுக்கு இடையே நின்று பார்த்தவர்கள்
அந்த மண்ணை என்னவென்று அழைத்தார்கள்
என்று எழுதி வந்தவர் எவரும் இல்லை.
அந்தக் கரைக்கும் நானே பச்சை அடித்தேன்.
மரம். கிளி.

இன்னொரு கப்பல் அவளைத் தேடியே போனது.
காற்று செத்த கடலில் பத்தொன்பது நாள்.
பீப்பாயெல்லாம் புழு.
பிறகு ஒரு கழிமுகத்தில்
நீருக்கடியில் புல் மேய்ந்துகொண்டு,
குட்டியை அக்குளோடு அணைத்துப் பாலூட்டிக்கொண்டு
அது இருந்தது.
ஈட்டி.
அன்று வெள்ளிக்கிழமை,
இறைச்சி ஆகாது, மீன் ஆகும்.
பாதிரியார் வெகுநேரம் யோசித்து
இடுப்புக்குக் கீழே பாவமில்லை என்றாராம்.
இளங்கன்றின் ருசி என்றார்கள்,
மேலேயும் கீழேயும் ஒரே ருசி.

சாப்பிடாதவன் கப்பல் பையன் ஐரஸ் மட்டும்.
பன்னிரண்டு வயது. மாடி ஏறி வந்து
துவாலையை அவிழ்த்து என் மேசையில் வைத்தான்.
துடுப்புக்குள் இருந்ததாம்.
ஐந்து விரல்கள், எலும்பாக, கணுக் கணுவாக.
"உங்கள் படத்தில் இடது கை இல்லையே," என்றான்.
"இதுதான் அது."

மேஸ்திரி அதை ஏலம் விடலாம் என்கிறார்.
அலமாரிச் சாவி தொலைந்துவிட்டதென்று
சொல்லி வைத்திருக்கிறேன்.
ஒருநாள் இரவு, கதவைச் சாத்திவிட்டு,
என் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.
கட்டைவிரல் குட்டை.
மற்றபடி குறையில்லை.

இன்று சந்தையில்
தரேஜா மத்தி நிறுத்துக் கொடுத்தாள்.
பழைய சண்டை மறந்துபோய்
இரண்டு மீன் கூடவே போட்டாள்.
நனைந்த விரல்கள், நகமெல்லாம் செதில்.
"எடை சரிதானே," என்றாள்.
"பின்னே என் கையையே ஏன் பார்க்கிறாய்?"